ஏழாவது பெயர்: எங்கள் பள்ளி நினைவுச் சிற்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நினைவுச் சிற்பக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும், தலைமையாசிரியை அம்மாவுக்கும் வணக்கம்.

பள்ளி முகப்பில் வைக்கப்போகும் சிற்பத்தின் படமும், அதன் பீடத்தில் வரப்போகும் பெயர்களும் சுற்றறிக்கையோடு கிடைத்தன. எட்டடி உயர ஃபைபர் சிலை. தங்க நிறப் பெயின்ட். துப்பாக்கியை நீட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே பாயும் ஜவான். பீடத்தின் முன்பக்கம் திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர்கள், நன்கொடையாளர்கள். பக்கவாட்டில், சின்ன எழுத்தில், பட்டாளத்துக்குப் போய் உயிரிழந்த நம் பள்ளி மாணவர்கள் ஆறு பேர்.

ஏழு பேர் இருக்க வேண்டும். ஏழாவது பெயர் எங்கே என்று சங்க அலுவலகத்தில் விசாரித்தேன். "அவர் இலங்கையில் இறந்தவர், சர்ச்சை வேண்டாம் என்று குழுவில் முடிவு பண்ணிட்டாங்க சார்" என்றார்கள். அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல். குழுவுக்கு மட்டும் எழுதியிருந்தால் ஒரு ஃபைலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பள்ளி முகப்பு எல்லோருக்கும் பொது. அங்கே யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்பதை எல்லோரும் அறியப் பேசுவதுதான் முறை.

அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவருடைய வீட்டாரைக் கேட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் குழுவில் மூத்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். வாலிபால் ஆடும்போது வலைக்கு மேலே ஆள் பாதி தெரிவார். பிளஸ் டூ முடித்ததும் வேலூர் கோட்டை மைதானத்தில் நடந்த ஆளெடுப்புக்குப் போனார், தேறினார். அப்போது எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமே இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பேர் வாங்கிய ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது. தேசபக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், மாதாமாதம் மணியார்டர் வரும், பென்ஷன் உண்டு, தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். அவரும் அந்தக் கணக்கில்தான் போனார். 1987 கடைசியில் தந்தி வந்தது. உடல் வரவில்லை.

அந்த வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கிவிட்டது. அந்தத் தீபாவளியை ஒட்டி யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நம் படையினர் புகுந்து நோயாளிகளையும், மருத்துவர்களையும், தாதியரையும் சுட்டுக் கொன்றார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த மருத்துவமனை ஊழியர்கள் தங்களோடு வேலை பார்த்தவர்களின் படங்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு நான் எதையும் கேட்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனநிலையும் அதுதான். எங்கள் தெருவிலும் அப்படித்தான் பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்தில்தான் அவர் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பின் இறந்த இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவர்கள் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. இலங்கையிலேயே, கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பலாலியில் இன்னொன்று. போன இடத்திலும் கல் இருக்கிறது, அனுப்பிய இடத்திலும் கல் இருக்கிறது. பத்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பள்ளியில் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

குழுவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்லில் பெயர் வெட்டினால் அந்தப் போரையே சரி என்று சொன்னதாகிவிடுமோ என்று நினைக்கிறீர்கள். நம் ஊர்க் கல் ஒருபோதும் அப்படிப் பேசியதில்லை. இங்கிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போனால் செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். மாட்டு மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள், மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் நட்டிருக்கிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த கல், நமக்குக் கிடைத்த நடுகற்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் மூன்றே வரி. அந்தவன் என்பவனின் பெயரும், கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், அவன் இறந்த செய்தியும் இருக்கின்றன. அந்த மாடுகள் நியாயமாக யாருடையவை என்று கல் சொல்லவில்லை. ஆள் இன்னான், ஊர் இன்னது, நடந்தது இது. அதோடு நிறுத்திக்கொள்கிறது.

எடுத்தனூர்க் கல்லைப் பார்த்திருப்பீர்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்க நின்று செத்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதி, அது கள்ளனைக் கடித்ததையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது.

இப்போது அதே கண்ணோடு வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்கு வாருங்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. யார் அந்தப் பதினான்கு பேர்? கல்லில் இல்லை. பிரிட்டிஷ்காரனுக்கு நம் ஆள் ஒரு எண்ணாகத்தான் தெரிந்தான். ஈராக்கில் பஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் போட்டு, சிப்பாய்களை ரெஜிமென்டுக்கு இத்தனை பேர் என்று முடித்துவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களாவது எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நம் குழு அந்த எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைத்திருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ் என்று ஒரு கல்லூரி. முதல் உலகப் போரில் இறந்த தன் மாணவர்களின் பெயர்களைத் தேவாலயத்தில் வெட்டிவைத்தது. பின்னால் 1930-இல் இன்னொரு சின்னக் கல்லையும் பதித்தது. அதில் மூன்று ஜெர்மானியர்களின் பெயர்கள். அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பி, பிரிட்டனுக்கு எதிரான படையில் சேர்ந்து இறந்தவர்கள். வேறு நாட்டிலிருந்து இந்த இடத்துக்கு வந்து படித்தவர்கள், திரும்பிப் போய்த் தங்கள் நாட்டுக்காகப் போரிட்டு இறந்தவர்கள் என்று அந்தக் கல் சொல்கிறது. தன் பிள்ளைகளையே கொன்ற படையில் நின்றவர்களையும் ஒரு கல்லூரி தன் மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டது. அதனால் ஜெர்மன் பேரரசர் கெய்சரின் போர் சரி என்று ஆக்ஸ்ஃபோர்டு சொல்லிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2021 ஜனவரி 8-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், சில நாளிலேயே துணைவேந்தர் மறுபடி அடிக்கல் வைக்க வேண்டியதாயிற்று, ஏப்ரலில் புதிய தூபி எழுந்தது. அன்று நம் சங்கத்தில் எத்தனை பேர் கொதித்தோம்! கண்டனத் தீர்மானம் போட வேண்டும் என்று சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் 1945-இல் சிங்கப்பூரில், இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்களுக்காக நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை தகர்த்தது. அந்த ராணுவத்தில் எத்தனையோ பேர் மலேயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் எடுத்த நம் ஜனங்கள். கல்லை உடைப்பதும் பெயரை விடுவதும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லைதான். உடைக்கிறவன் உடைத்த சத்தம் ஊருக்குக் கேட்கிறது, யாராவது எதிர்த்து நிற்கிறார்கள். விடுகிறவன் செய்தது யாருக்கும் தெரிவதில்லை.

சரி, குழுவில் ஒருவர் சொன்னதாக என் காதுக்கு வந்த ஒரு காரணம் மட்டும் எனக்கு உண்மையிலேயே கனமாக இருக்கிறது. மேல்மொணவூர் மாதிரி இலங்கைத் தமிழர் முகாம்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. முகாம் பிள்ளைகள் நம் பள்ளியில் படிக்கிறார்கள். தாத்தாவையோ சித்தப்பாவையோ 1987-இல் இழந்த வீட்டுப் பிள்ளை தினமும் காலையில் அந்தக் கல்லைத் தாண்டி வகுப்புக்குப் போக வேண்டும். "அந்தக் குழந்தைக்கு என்ன சொல்வீர்கள்?" என்று அவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் முகாமிலிருந்து ஒரு பெற்றோரையாவது கூப்பிட்டு யாராவது பேசினீர்களா? அவர்கள் சார்பில் நாமே மனம் புண்பட்டுக்கொள்வது ஒரு வசதி. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதைக் கேட்டுவிட்டுப் பேச நானும் தயார். அவர்கள் வேறு ஏதாவது கேட்டாலும் கேட்கலாம். அந்தப் பிள்ளைகளின் குடும்பத்தில் இறந்தவர்களுக்கும் இந்த வளாகத்தில் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டால், அதற்கு என்ன பதில் சொல்வோம் என்பதையும் யோசித்து வையுங்கள். என்னைக் கேட்டால், கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். அது நின்று பார்க்கப்போவது பெயரையா, எட்டடி உயரத்தில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பாயும் தங்கச் சிப்பாயையா? பயமுறுத்தப்போவது எது? நீங்கள் முதலில் அந்தச் சிலையை முடிவு செய்துவிட்டீர்கள். அது வெற்றியைக் கொண்டாடும் சிலை. அதன் கீழே, நாம் கொண்டாட முடியாத ஒரு போரில் செத்தவரின் பெயரை எழுதக் கை வரவில்லை. அதனால் பெயரை எடுத்துவிட்டீர்கள். எடுக்க வேண்டியது சிலையைத்தான். துக்கத்துக்காக ஒரு கல் வைத்தால் அதில் ஏழு பேருக்கும் இடம் இருக்கும்.

துக்கத்துக்குச் சிற்பம் எப்படி இருக்கும் என்று கேட்டால், பாரிஸில் எக்கோல் நார்மால் என்னும் உயர்கல்விக் கூடத்தில் இருப்பதைச் சொல்வேன். முதல் உலகப் போரில் அந்த ஒரு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பறிகொடுத்தது. படித்துவிட்டு வாத்தியார்களாகவும் விஞ்ஞானிகளாகவும் ஆகியிருக்க வேண்டிய பையன்கள். 1923-இல் அவர்களுக்காகச் சிற்பம் செய்தவர் பால் லாந்தோவ்ஸ்கி. ரியோ நகரத்து மலை உச்சியில் கை விரித்து நிற்கும் ஏசு சிலையைப் பின்னால் உருவாக்கியவரும் அவரே. இங்கே அவர் செய்தது, படுத்துக் கிடக்கும் ஒரு இளைஞனின் உடல். சீருடை கிடையாது, மெடல் கிடையாது, துப்பாக்கி கிடையாது, உடம்பில் துணியே கிடையாது. பார்க்கிறவருக்கு அவன் எந்த நாட்டுச் சிப்பாய் என்றுகூடத் தெரியாது. ஒரு பையன் செத்துக் கிடக்கிறான், அவ்வளவுதான். நம் ஊரில் நிர்வாணச் சிலை வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! பள்ளிக்கூடம் தன் மாணவனை நினைக்கும்போது அவன் பிடித்த ஆயுதத்தை நினைக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஆயுதத்தை ரெஜிமென்ட் நினைத்துக்கொள்ளும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அதை நன்றாகவே செய்கிறது.

நமக்கு நடுகல் போதும். மாமல்லபுரத்துச் சிற்பியிடம் கொடுத்தால் ஒரே கருங்கல்லில் ஆள் உயரத்துக்குச் செய்துவிடுவார். ஃபைபர் சிலை நம் வெயிலில் சில வருஷத்திலேயே நிறம் வெளுத்து விரிசல் விடும். பேருந்து நிலையப் பக்கத்துத் தலைவர் சிலைகளுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பதைப் பார்க்கிறோமே. கல்லின் மேல்பாதியில் ஒரு பள்ளி மாணவன், அரை உருவப் புடைப்பாக. வேண்டுமானால் கையில் ஒரு பந்து. கீழ்ப்பாதியில் பெயர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்க்காமல் படிக்கும் உயரத்தில், வெட்டெழுத்தில். பதவி வரிசை வேண்டாம். சுபேதார் மேலே, சிப்பாய் கீழே என்று பள்ளிக்கூடத்தில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பள்ளியை விட்ட வருஷப்படி எழுதுங்கள். பெயர், படித்த வருஷம், இறந்த இடம், இறந்த வருஷம். "யாழ்ப்பாணம், 1987" என்று அவருக்கு. "சியாச்சின்" என்றோ "கார்கில்" என்றோ மற்றவர்களுக்கு. அடைமொழி எவருக்கும் வேண்டாம். அப்படி எழுதினால் எந்தப் பெயருக்குப் பின்னாலும் நாம் எதையும் மறைக்க வேண்டியிருக்காது, எதையும் பெருமையடிக்கவும் வேண்டியிருக்காது. ஒரு பிள்ளை வாத்தியாரிடம் "யாழ்ப்பாணத்துல எப்படி சார் செத்தாரு?" என்று கேட்கும். கேட்கட்டும். வரலாற்று ஆசிரியர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறோமே.

திறந்து வைப்பவர், நன்கொடையாளர் பெயர்களைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வழக்கத்தை இந்த ஒரு இடத்திலாவது விட்டுவிடலாம். நன்கொடையாளர்களுக்கு அலுவலகச் சுவரில் தனிப் பலகை வையுங்கள்.

யார் பெயரைச் சேர்க்கலாம் என்று குழு வைத்திருக்கும் விதியில் ஒரு வரியையும் மாற்ற வேண்டும். "எதிரியின் தாக்குதலில் இறந்தவர்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு மூடி மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்களே, அதில் நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர். அவர் நம் பள்ளியில் படித்திருந்தால் இந்த விதிப்படி அவருக்கும் இடம் கிடையாது. பணியில் இருந்தபோது இறந்தவர்கள் என்று மாற்றினால் போதும். அப்புறம், கல்லில் கீழே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள் என்று சிற்பியிடம் சொல்லுங்கள். அந்த இடம் நிரம்பவே வேண்டாம் என்பதுதான் என் ஆசை. ஆனால் இப்போதும் ஒவ்வொரு வருஷமும் நம் பள்ளியிலிருந்து பிள்ளைகள் ஆளெடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஏழாமவரின் தங்கையும் நம் பள்ளி மாணவிதான். சிலைக்கு நன்கொடை கேட்டு அவர் வீட்டுக்கும் ஆள் போயிருக்கிறது. அண்ணன் பெயர் வரும் என்று நினைத்து ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, குழுதான் சொல்ல வேண்டும் என்பதால். இந்த மடல் அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். அவருக்கு விருப்பமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் நான் இதோடு விட்டுவிடுகிறேன்.

சிலைக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று பொருளாளர் சொன்னார். அது கைமாறுவதற்கு முன்னால் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். முகாம் பெற்றோர்களையும், ஏழு குடும்பத்தாரையும் அழையுங்கள். ஏழாவது பெயரை வெட்டும் கூலியையும், ஃபைபரை விட்டுக் கல்லுக்கு மாறினால் கூடும் செலவில் ஒரு பங்கையும் எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். எங்கள் வகுப்புத் தோழர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
1983-ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த மாணவன்